எங்கள் கிளாரினெட் கலைஞருக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

புலம்பெயர்ந்து வந்து, ஆர்கெஸ்ட்ராவில் முதல் கிளாரினெட் வாசித்து ஓய்வுபெறும் எங்கள் கலைஞரின் விடைபெறும் கச்சேரி நல்லபடியாக நடந்தது. மேடை ஏறாமலே அவருக்குத் துணைநின்றவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி கருவி பழுதுபார்ப்பவருக்கு. கிளாரினெட் செய்யப்படும் கிரெனடில்லா என்ற கருமரம் ஈரக்காற்றில் பழகியிருந்தால், வறண்ட குளிரில் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும். மூச்சின் ஈரமும் சூடும் பட்டு உட்பக்கம் உப்பும். இந்த இழுபறியில் கருவியின் மேல்துண்டுதான் பிளக்கும், பெரும்பாலும் டிரில் (இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) சாவித் துளைகளை ஒட்டி. மயிரிழை போன்ற விரிசலைப் பார்த்ததுமே வாசிப்பை நிறுத்தச் சொன்னீர்கள். சாவிகளைக் கழற்றினீர்கள். விரிசல் முடியும் இடத்தைக் குறித்து, நீராய் ஓடும் சூப்பர் குளூவை இறக்கி, மரத்தூள் வைத்துத் தேய்த்தீர்கள். துளைகளை விரலால் அடைத்து உறிஞ்சிப் பார்த்து, காற்று கசியவில்லை என்று உறுதியான பிறகே கையில் கொடுத்தீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருக்கட்டும் என்றீர்கள். அதன்பின் அந்த விரிசல் வாய் திறக்கவில்லை.

பேரல்கள், அதாவது ஊதுவாய்க்கும் மேல்துண்டுக்கும் இடையே பொருத்தும் குட்டைக் குழல்கள், இரவல் தந்த சக கலைஞருக்கு அடுத்த நன்றி. சுருதி சேர்க்கும் 'A' சுரம் 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி செய்த கருவி, 442-இல் வாசிக்கும் குழுவில் தாழ்ந்தே ஒலிக்கும். 66 மி.மீ. நீளப் பேரலுக்குப் பதில் 65 மி.மீ. பேரல் மாட்டினால் சுருதி ஏறும். ஆனால் குழலின் குறைந்த நீளத்தில் ஒலிக்கும் சுரங்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாக ஏறிவிடும். அதை ஒவ்வொரு சுரமாக உடனிருந்து சோதித்தீர்கள்.

ஆவணங்களைப் பார்த்துக்கொண்டவருக்கும் நன்றி. பழைய நிகழ்ச்சி நிரல்களில் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தால் விசா மனுவில் சிக்கல் வரும். அத்தனையையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டீர்கள். கிரெனடில்லாவில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 26 நவம்பர் 2019 முதல் சைட்டீஸ் (அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி தேவையில்லை. இருந்தும், சுங்கத்தில் கேட்டால் காட்ட வரிசை எண், ரசீது, புகைப்படம் மூன்றையும் பெட்டியிலேயே வைத்துவிட்டீர்கள்.

கச்சேரியில் வாசித்தவை மொஸார்ட்டின் கிளாரினெட் குவின்டெட்டும் (ஐவர் இசை, கே. 581), கிளாரினெட், நால்வர் தந்திக்குழு, பியானோ சேர்ந்து வாசிக்கும் புரோகோஃபியெவின் 'ஹீப்ரு மெட்டுகள் மீதான ஓவர்ச்சர்' (ஒப்பஸ் 34) என்ற படைப்பும். இரண்டாவதைத் தேர்ந்தது பொருத்தம்: ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா வந்த கிளாரினெட் கலைஞர் சிமியோன் பெல்லிசனின் ஸிம்ரோ இசைக்குழுவுக்காக 1919-இல் எழுதப்பட்டது அது, பெல்லிசன் பின்னர் நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் முதல் கிளாரினெட் கலைஞர். குளிர்ந்த அரங்கில் கிளாரினெட் சுருதி இறங்கும், பியானோ விட்டுக்கொடுக்காது. அதனால் இரண்டு மணி நேரம் முன்பே அரங்கைச் சூடாக்கிய ஊழியர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பேரல்கள் இரண்டையும் உள்துளை துடைத்து உலர்த்தி, இந்த வாரமே திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
கச்சேரிக் குழுவினர்