அசனத்துக்கு எதற்குப் பார்சல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில், சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்தான அசனப் பண்டிகை நடந்தால் எத்தனை ஆடு, எத்தனை மூட்டை அரிசி என்றுதான் செய்தி வருகிறது, அது எதற்கு என்று யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிடீரியன் என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1947 செப்டம்பர் 27-ல் ஒன்றாகி உண்டானதுதான் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று ஒரு வரி உண்டு. சின்ன வயதில் எனக்கு அது புரிந்ததே பந்தியில்தான். வீட்டில் சோறு பொங்கும்போதெல்லாம், உலை வைக்கும் முன் தனிப் பானையில் எடுத்து வைத்த கைப்பிடி அரிசியை அம்மா அசனத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார், அப்புறம் பனையேறியும் பள்ளி வாத்தியாரும் ஒரே பாயில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிடுவார்கள்.

இந்த வருடம் எங்கள் சபையில் என்ன நடந்தது தெரியுமா? அதிகம் காணிக்கை போட்ட வீடுகளுக்குக் கறி பார்சல் பின்வாசல் வழியாகப் போய்விட்டது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த கிழவிகளுக்கு வெறும் சாம்பார். சாதி பார்த்துப் பந்தி பிரிந்த காலமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. முடியாதவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள், சரி. கார் வைத்திருப்பவருக்கு எதற்குப் பார்சல்? அடுத்த வருடமாவது சபைக் கமிட்டியார் பார்சலை நிறுத்திவிட்டு அவர்களும் பாயில் வந்து உட்காரட்டும்.

- ஒரு சபையார், தூத்துக்குடி மாவட்டம்