தம்பியைப் பார்த்து நடை பழகிய அண்ணன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தேர்ஸ்டே என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஃபுல் கொலாப்ஸ்’ ஆல்பத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி சொல்லி எழுதலாம் என்றுதான் வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது பத்தி வரை அந்த எண்ணம் நீடித்தது. மை கெமிக்கல் ரொமான்ஸ் குழு போட்டுக் கொடுத்த பாதையில் நடந்தவர்கள் இவர்கள் என்கிறார் உங்கள் விமர்சகர்.

‘ஃபுல் கொலாப்ஸ்’ வந்தது 2001 ஏப்ரலில். மை கெமிக்கல் ரொமான்ஸின் முதல் ஆல்பம் வந்தது 2002இல். அந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரே தேர்ஸ்டேயின் பாடகர் ஜெஃப் ரிக்லி என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டும் நியூ ஜெர்சிக் குழுக்கள். தம்பியின் கையைப் பிடித்துத்தான் அண்ணன் நடை பழகினான் என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

இது புதிதும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஃபுகாசி என்ற பங்க் குழுவை ‘மெட்டல்’ பட்டியலில் சேர்த்தீர்கள். பொறுத்துக்கொண்டேன். பிறகு, மனக்குமுறலைக் கொட்டும் ‘எமோ’ என்ற ராக் வகை என்றால் கண்மையும் நெற்றியில் விழும் முடியும்தான் என்று ஒரு கட்டுரை. 1985இலேயே வாஷிங்டனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு ஆல்பம் போட்டுவிட்டது, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அந்த வட்டாரத்து ஹார்ட்கோர் (வேகமும் ஆவேசமும் கூடிய பங்க்) மீதுதான் என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு வரியாக வெளியிட்டீர்கள். அதிலும் ‘பாஸ் கிட்டார்’ என்று நான் எழுதியது ‘பாசக் கிட்டார்’ என்று அச்சாகியிருந்தது. பாசத்துக்கு நன்றி.

சரி, ஒலிக்கு வருகிறேன். கிட்டார்கள் ஒரே இரைச்சலாகக் குழம்பிக் கிடக்கின்றனவாம். ஐயா, இதில் எனக்கு அனுபவம் உண்டு. இந்த ஆல்பத்தை முதலில் கேட்டபோது என் இயர்ஃபோனில் வலது பக்கம் செத்துப்போயிருந்தது. நாலு மாதம் அப்படியேதான் கேட்டேன், எனக்கும் இரைச்சலாகத்தான் பட்டது. புது இயர்ஃபோன் வாங்கிய அன்று ‘அண்டர்ஸ்டாண்டிங் இன் எ கார் கிராஷ்’ பாட்டைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மெட்டைக் கட்டுகிறது, இன்னொன்று பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முழு கார்டுகளால் அதை மோதுகிறது. டாம் கீலி ஒருவர், ஸ்டீவ் பெடுல்லா ஒருவர். இருவரும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) வாசித்துக் காலம் தள்ளுகிறவர்கள் அல்ல. உங்கள் விமர்சகர் எதில் கேட்டாரோ, செல்போனின் அடியில் இருக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கரிலா?

ரிக்லியின் சுருதி விலகுகிறது என்கிறார். விலகுகிறது, நானே ஒப்புக்கொள்கிறேன். எட்ட முடியாத ஸ்வரத்துக்கு அந்தக் குரல் எம்புகிறது, சில இடத்தில் எட்டாமலே விழுகிறது. ஆனால் கீழே ஒரு குரல் பாட, மேலே ஒரு குரல் கத்த, இரண்டும் ஒரே மனிதனின் உள்ளே நடக்கும் சண்டை மாதிரி ஒலிப்பதைக் கேட்டுவிட்டு ‘சுருதி’ என்று அளவுகோலை எடுத்தால் நான் என்ன செய்வது? 2003இல் ஐலண்ட் நிறுவனத்துக்காகச் செய்த ‘வார் ஆல் த டைம்’ ஆல்பத்தில் ஒலி இன்னும் மெருகாகவே இருக்கிறது. எனக்கு இந்தப் பழைய கரடுமுரடுதான் பிடிக்கிறது. (விமர்சகருக்கு அதுவும் பிடிக்காது என்று நினைக்கிறேன்.)

பாஸ் வாசித்த டிம் பெய்ன், டிரம்ஸ் வாசித்த டக்கர் ரூல், தயாரித்த சால் வில்லநுவேவா மூவரில் ஒருவர் பெயரும் அந்த அரைப் பக்கத்தில் இல்லை. விமர்சகரின் புகைப்படத்துக்கு மட்டும் இடம் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி ஒவ்வொரு ஆல்பம் விமர்சனத்தின் அடியிலும் வெளியான ஆண்டையும் வாசித்தவர்களின் பெயரையும் இரண்டு வரியில் போடுங்கள். விமர்சகரும் எழுதும் முன் அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். ஆண்டுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பாஸ் கிட்டாரிலும்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு வாசகன்