வில் தந்த பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

ஷெர்வுட் காட்டில் வாழ்ந்ததாக ஆங்கிலக் கதைகள் சொல்லும் வில்லாளி ராபின் ஹூட்டைப் பற்றிய நம் தமிழ்ப் பள்ளி நாடகம் நல்லபடியாக மேடையேறி முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நம் வில்கள் மேடைக்கு உதவாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படி என்று மறுபடி சொல்லப்போவதில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில், நாடகத்தில் நடித்த ஒரு பிள்ளையின் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கட்டு ஹேசல் என்ற புதர்மரக் கம்புகளோடு வாசலில் வந்து நின்றார். ஒரு காலத்தில் வில் செய்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை அந்தப் பிள்ளையே அவருக்கு வாசித்துச் சொல்லட்டும்.

ஷெர்வுட் காட்டு வில் என்றால் யூ மரம்தான். வெளிப்பக்கத்து வெண்மரம் இழுவையைத் தாங்கும், உட்பக்கத்து வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதி, அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் யூ பொறுமையாகக் காய வேண்டிய மரம். ஒரே இரவில் பிள்ளைகள் கைக்கு வேண்டுமென்றால் வேலியோர ஹேசலே போதும் என்றார். கட்டைவிரல் பருமன், 120 செ.மீ. நீளம், கணு குறைந்த கம்பு. வெளிப்பக்கத்துப் பட்டையில் கத்தி படவே கூடாது. நார் அறுந்தால் அங்கிருந்துதான் வெடிக்கும். பிடிக்கு நடுவில் நான்கு விரல் அகலம் விட்டு, உட்பக்கத்தை மட்டும் நுனியை நோக்கி மெலியச் சீவ வேண்டும். ஒரே இடத்தில் கூடுதலாகச் சீவினால் அங்கே மட்டும் கீல் போல மடங்கி முறியும். அதனால் நாலு சீவலுக்கு ஒரு தடவை மெல்ல வளைத்து, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். நாண் மாட்டும் வெட்டு பக்கவாட்டில் மட்டும். நாணேற்றியபின் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே, மூடிய முட்டியும் நிமிர்த்திய கட்டைவிரலும் சேர்ந்த அளவு இடைவெளி.

பச்சைக் கம்பு நாணேற்றியே கிடந்தால் வளைந்த வாக்கில் நின்றுவிடும் என்பதால், காட்சி முடிந்ததும் நாணைக் கழற்றச் சொன்னார். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதற்கும் தடை: அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அதை உடைக்கும். பாதிவரை இழுத்து மெதுவாகத் தளர்த்துங்கள், ‘டங்’ சத்தத்தைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எதிர்பாராமல் கிடைத்தது அதற்குப் பிறகுதான். பந்தயக் காட்சியில் அம்பை அம்பால் பிளப்பதாக எழுதியிருந்தோம். ராபினைப் பற்றிய பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களில் அவன் பிளப்பது நட்டுவைத்த கோலைத்தான் என்று சொல்லி, அதற்கான வழியையும் கொடுத்தார். தோலுரித்த வில்லோ மரக் கோலை மேலிருந்து முக்கால்வாசி பிளந்து, நுனியை ஒரு சொட்டுத் தேன்மெழுகால் ஒட்டி, ஒரு பாதியில் நைலான் நூல் கட்டி மறைவிலிருந்து சுண்டினால் விரிந்துவிடும். மெழுகு கூடினால் பிளக்காது, கோலே பிடுங்கிக்கொண்டு வரும். நாணுக்குத் தடவ வைத்திருந்த மெழுகிலேயே கிள்ளிக் கொடுத்தார். அரங்கு அதிகம் கைதட்டியது அந்த இடத்துக்குத்தான்.

நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்றி ராபின் கூட்டத்து உடைக்கு லிங்கன் பச்சை சாயம் போட்ட அக்காமார், பாலத்தின்மேல் நடக்கும் சண்டையில் ராபினின் தோழன் லிட்டில் ஜானுக்குப் பஞ்சு சுற்றிய தடி தந்தவர்கள், விளக்கு பிடித்த தம்பிமார், டக் பாதிரியாரின் தொந்திக்குத் தலையணை கொடுத்த வீடு, இரவெல்லாம் தேநீர் ஊற்றியவர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பழைய பாடல்களை ஒட்டியே எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். லிட்டில் ஜான், வில் ஸ்கார்லெட், ஆலைக்காரன் மகன் மச் மூவரும் அவற்றிலும் உண்டு. ராபினின் காதலி மேரியன்தான் கதையில் பிறகு வந்து சேர்ந்தவள்; அவளை விட்டால் பெண்பிள்ளைகள் விடமாட்டார்கள், ஆகவே அவள் இருப்பாள். காடு ஷெர்வுட் அல்ல, யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்டேல். மன்னர் ரிச்சர்ட் அல்ல, மடாதிபதி வேடத்தில் வரும் எட்வர்ட். ரிச்சர்டாக நடித்த தம்பி கோபிக்க வேண்டாம், கிரீடம் அவருக்கே.

வில்கள் நாண் கழற்றிப் படுக்கையாக வைக்கப்பட்டிருக்கின்றன. வேறு தமிழ்ப் பள்ளிகள் நாடகத்துக்குக் கேட்டால் தருவோம். வெறும் நாணை இழுத்து விடமாட்டோம் என்று பிள்ளைகளிடம் முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.