ஒரு ஜோடிப் பக்கமும் ஒரு ஜோடிக் கோணமும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இந்த ஆண்டு உனக்கு மறுபடி ஒன்பதாம் வகுப்பு என்று படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. வடிவியலைப் பலகையில் வரைந்து காட்டி நடத்துகிறவர்கள் அந்த வகுப்புக்குத்தான் வேண்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்களும் ஒரு ஜோடி எதிர்க்கோணங்களும் சமமாக இருந்தால் அந்த நாற்கரம் இணைகரம்தானா? இல்லை. விடைக்குறிப்பில் 'சரி' என்று போட்டுவிடாதே.

பிள்ளைகள் எழுதும் நிரூபணம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். கசடத என்ற நாற்கரத்தில் சத என்ற மூலைவிட்டத்தை வரைவார்கள். கச = டத, சத பொதுப்பக்கம், கோணம் க = கோணம் ட, ஆகவே முக்கோணங்கள் சர்வசமம் என்று முடிப்பார்கள். மதிப்பெண் குறைக்க வேண்டியது அந்த 'ஆகவே'க்குத்தான். சமமான கோணம் அந்த இரு பக்கங்களுக்கு நடுவில் இல்லை, சத-வுக்கு எதிரே இருக்கிறது. அதனால் ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதி இங்கே பொருந்தாது.

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், வரையச் சொல். முழு எண்களிலேயே அமைகிற ஒரு படம் இருக்கிறது. கச = 8 செ.மீ. கோடு போட்டு, க-வில் 60° கோணம் எடுத்து, அந்தக் கதிரில் 3 செ.மீ. தள்ளி த-வைக் குறிக்கட்டும். சத-வை அளந்தால் சரியாக 7 இருக்கும். இனி சத-வுக்கு மறுபுறம், த-விலிருந்து 8 செ.மீ. ஆரத்திலும் ச-விலிருந்து 5 செ.மீ. ஆரத்திலும் வில் வெட்டினால் ட கிடைக்கும். இரண்டு ஆரங்களையும் இடம் மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சமப்பக்கங்கள் அடுத்தடுத்து வந்துவிடும், படம் பயன்படாது. சரியாக வரைந்தவர்கள் ட-வில் கோணமானியை வைத்தால் 60° காட்டும். கச, டத இரண்டும் 8. க, ட இரண்டும் 60°. ஆனால் தக 3, சட 5. ச-வில் சுமார் 103.6°, த-வில் சுமார் 136.4°. குழிவு எதுவும் இல்லாத, சாதாரண நாற்கரம்தான்.

இது எப்படி வருகிறது என்றால், 8-ம் 60°-யும் எதிர்ப்பக்கம் 7-ம் கொடுத்து மூன்றாம் பக்கத்தை ய என்று வைத்தால், முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் ஒரு கோணத்தையும் இணைக்கும் கொசைன் விதிப்படி ய² − 8ய + 15 = 0. தீர்வுகள் 3, 5 என இரண்டு. இரு முக்கோணங்களிலும் ஒரே தீர்வை எடுத்தால் இணைகரம், ஒன்றில் 3-ம் மற்றதில் 5-ம் எடுத்தால் நம் படம். மூலைவிட்டம் 7 என்பது கட்டாயமில்லை. 8 × சைன் 60°, அதாவது ஏறக்குறைய 6.93-க்கு மேலும் 8-க்குக் கீழும் எந்த நீளமும் எதிர்ச்சான்று தரும். 8 அல்லது அதற்கு மேல் போனால் ஒரே தீர்வுதான், இணைகரம் உறுதி. சமமான அந்தக் கோணங்கள் செங்கோணமாகவோ விரிகோணமாகவோ இருந்தாலும் உறுதிதான், ஏனென்றால் அப்போது மூலைவிட்டமே முக்கோணத்தின் பெரிய பக்கம். இந்தப் பகுதியைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனிக் கேள்வியாகக் கொடு.

பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' நூலில் இந்த இடத்தில் மிகக் கவனமாக நடந்திருக்கிறார். அதன் ஆறாம் புத்தகத்தின் 7-வது தேற்றத்தில், இரு முக்கோணங்களை இப்படி ஒப்பிடும்போது, முக்கோணத்துக்கு ஒன்றாக மிச்சமுள்ள கோணங்கள் இரண்டும் செங்கோணத்துக்குக் குறைவாகவோ இரண்டும் குறையாமலோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். நம் படத்தில் கோணம் கதச 98.2°, கோணம் தசட 81.8°. ஒன்று கூடுதல், ஒன்று குறைவு.

நீ கேட்ட மற்றவை: ஒரு ஜோடிப் பக்கங்கள் இணையாகவும் அவையே சமமாகவும் இருந்தால் இணைகரம். ஒரு ஜோடி இணை, மற்ற ஜோடி சமம் என்றால் போதாது, இருசமபக்கச் சரிவகம் குறுக்கே வரும். ஒரு ஜோடி இணை, ஒரு ஜோடி எதிர்க்கோணம் சமம் என்றால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கேள்வி. க, ட கோணங்கள் சமம், ஒரு மூலைவிட்டம் மற்றொன்றை இருசமக்கூறிடுகிறது. சத இருசமக்கூறிடப்பட்டால் இணைகரம். கட இருசமக்கூறிடப்பட்டால் உறுதியில்லை, பட்டம் வடிவ நாற்கரமும் அதற்குப் பொருந்தும். எந்த மூலைவிட்டம் என்று சொல்லாமல் வினாத்தாளில் கேட்டால் பிள்ளைகள் பாவம்.

இந்தக் கடைசிக் கேள்வியில் முதல் பகுதியின் (சத இருசமக்கூறிடப்படும் நிலை) நிரூபணத்தை நீயே முயன்று பார். சத-வின் நடுப்புள்ளியைச் சுற்றி ட-வை 180° திருப்பினால் வழி திறக்கும். வரவில்லையென்றால் எழுது, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்