வார்டுக்கு வரைபடத்தோடு வந்த பெரியவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மாடியறையில் தூங்குகிறார், குறட்டைச் சத்தம் கீழே வரை கேட்கிறது. அந்தக் குறட்டையைத் திட்டியே வளர்ந்தவன் நான். இன்றைக்கு அது நிற்காமல் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

வேல்ஸில் பெட்கெலர்ட் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிய அப்பா பிளாட்பாரத்திலேயே விழுந்ததிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்த பெண்மணி, வண்டியை நிறுத்திவைத்த கார்டு, ராத்திரியோடு ராத்திரியாக மான்செஸ்டரிலிருந்து கார் ஓட்டிவந்த நண்பன், வார்டு நர்சுகள், ரசமும் குழைந்த சோறும் மாற்றி மாற்றிக் கொடுத்தனுப்பிய வீடுகள், திருச்சியில் அம்மாவிடம் பக்குவமாக விஷயத்தைச் சொன்ன சித்தி, எல்லோருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த நிலையம் வழியாக ஓடும் வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வே என்ற நீராவி ரயிலில் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கும் பெரியவர் அவர். அன்று பிளாட்பாரத்தில் இன்ஜின் பக்கத்தில் நின்றிருந்தார். அப்பா பொன்மலை பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விடுவாரா? நேராக அவரிடம் போய், தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: பாய்லர் நடுவில் இருக்கிறது, சக்கரங்கள் முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்புகின்றன, அப்படியானால் ஸ்டீம் லீக் ஆகாமல் எப்படிப் போகிறது? அவர் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூ இல்லை, பழம் இல்லை. கையில் சுருட்டிய ஒரு வரைபட நகல், காது மேல் ஒரு பென்சில். பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்று சொன்ன நர்சிடம், "இவர் என்னிடம் ஒன்று கேட்டார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றார். நர்சும் சரி என்று விட்டுவிட்டார்.

அது கே1 என்ற இன்ஜினின் வரைபடம். இன்ஜின் விஷயத்தில் ஆர்வமில்லாதவர்களுக்காக இரண்டு வரி: அப்பா கேட்டது போல பாய்லர் நடுவில் இருக்கும் கராட் வகை இன்ஜின்களில் உலகிலேயே முதலாவது இதுதான். ஹெர்பர்ட் வில்லியம் கராட் 1907-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனையை வைத்து, மான்செஸ்டரின் கார்ட்டனில் பேயர் பீகாக் நிறுவனம் 1909-ல் கே1, கே2 என்று இரண்டைச் செய்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு அனுப்பியது. ஜீஹன் சுரங்கப் பகுதியில் மழைக்காட்டு மலைச் சரிவில் ஓடிய, தண்டவாளங்களுக்கு இடையே இரண்டடி அகலமே உள்ள பாதை அது. வளைவுகளின் ஆரம் 99 அடிதான், ஏற்றம் 25 அடிக்கு 1 அடி. நீளமான சாதாரண இன்ஜின் அங்கே திரும்பாது. அதனால் பாய்லரைத் தூக்கி நடுவில் ஒரு சட்டத்தில் வைத்து, அதை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தனித்தனியே திரும்பும் சக்கரச் சட்டங்கள் மேல் உட்கார வைத்தார்கள்.

பெரியவர் கட்டிலின் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, நாலு மூலையிலும் மாத்திரைப் பெட்டி, தண்ணீர்க் குவளை எல்லாம் வைத்து அழுத்தினார். சுழலும் மையத்தைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். ஸ்டீம் குழாயின் மூட்டு அந்த மையத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் அசைவு குறையும், அசைவு குறைந்தால் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தாங்கும். அப்பா விரலில் ஆக்சிஜன் கிளிப்போடு அந்தக் குழாயைத் தடவிக்கொண்டே போனார். அப்படியே போன விரல் ஓரிடத்தில் நின்றது. கே1 காம்பவுண்ட் இன்ஜின். பின்பக்க உயர் அழுத்த சிலிண்டரில் வேலை செய்த ஸ்டீம், முன்பக்கத்துக்குப் போய் தாழ் அழுத்த சிலிண்டரில் மறுபடி வேலை செய்யும். "நம்ம எக்ஸ் மாதிரி!" என்று அப்பா தமிழிலேயே கத்தினார். ஊட்டி ரயிலின் எக்ஸ் வகுப்பிலும் அப்படித்தான்: ஸ்டீம் முதலில் சாதாரணச் சக்கரங்களைத் தள்ளும், பல்சக்கரப் பாதையில் அதே ஸ்டீம் பற்சக்கரத்தையும் சுற்றும். பழுதுபார்க்க பொன்மலைக்கு வந்த அந்த இன்ஜின்களில் அப்பா கை வைத்திருக்கிறார்.

அப்புறம் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. கே1-இல் உயர் அழுத்த சிலிண்டர் டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழேயே இருப்பதைப் பார்த்து, "காலைச் சுட்டிருக்குமே" என்றார் அப்பா. பெரியவர் பலமாகத் தலையாட்டினார். விழுந்ததிலிருந்து அப்பா சிரித்தது அப்போதுதான்.

கிளம்பும்போது பெரியவர் கே1 பிழைத்த கதையையும் சொன்னார். சுரங்கப் பாதை மூடிய பிறகு துருப்பிடித்துக் கிடந்த இன்ஜினை, செய்தவர்களே 1947-ல் வாங்கி, கே2-வின் சில பாகங்களையும் சேர்த்து மான்செஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். 1966-ல் அந்தக் கம்பெனியே மூடப்பட்டபோது வேல்ஸின் பெஸ்டினியோக் ரயில்வே வாங்கியது. 1976-லிருந்து பல வருஷம் யார்க் அருங்காட்சியகத்தில் நின்றது. பிறகு தன்னார்வலர்கள் பிரித்து மேய்ந்து, புது பாய்லர் போட்டு, 2006-ல் பயணிகள் வண்டியை இழுக்க வைத்தார்கள். 1911-ல் டார்ஜிலிங் போன கராட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, உடைத்துவிட்டார்கள். இன்ஜின் பிழைப்பது அதன் பெருமையால் அல்ல, அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் அந்தக் கை காலியாக இருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றியது. வார்டில் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் ஏதாவது தோன்றும்.

பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. தங்கள் ரயில்வேயின் டினாஸ் ஷெட்டில் துடைக்கவும் பெயின்ட் அடிக்கவும் எப்போதும் ஆள் பற்றாக்குறை என்று மட்டும் சொன்னார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், வசந்தம் வந்ததும் போவேன்.

அதற்கு முன் அப்பாவின் கடனை அடைக்க வேண்டும். எக்ஸ் வகுப்பின் சிலிண்டர் வரைபடம் அனுப்புவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பொன்மலையிலோ குன்னூர் ஷெட்டிலோ வேலை பார்த்த அண்ணன்மார் யாரிடமாவது, வெளியே கொடுக்கக்கூடிய நகல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். தபால் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.