தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இங்கே எல்லாரும் நலம். மழை நன்றாகப் பெய்து கிணறு நிரம்பிவிட்டது. கொல்லையில் நின்ற முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

மூன்று ஞாயிறாக நீ போன் செய்யவில்லை. நான் செய்தாலும் "ஷிப்ட்டில் இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது உன் முதுகைப் பார்த்தேன். உடனே துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு "தேமல்மா" என்றாய். 31 வருஷம் வார்டில் நின்றவளிடம் தேமல் என்கிறாயே தம்பி. இடுப்புக்கு மேலே மீன்வலையை ஒட்டிவைத்தது போலப் பழுப்பாக இருக்கிறதே, அது நீ வலிக்கு வைக்கிற ஹீட்டிங் பேடின், அந்தக் கரண்ட் ஒத்தடப் பையின், சூட்டுத் தடம். கொப்புளம் வராத அளவுச் சூட்டைத் தினமும் ஒரே இடத்தில் வைத்தால் அப்படி வரும். காஷ்மீரில் குளிருக்கு ஆடைக்குள்ளேயே காங்கிரி என்ற கணப்புச் சட்டியை வைத்துக்கொள்வார்கள். வருஷக்கணக்காகச் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் சிலருக்குப் புற்று வந்திருக்கிறது என்று நர்ஸிங் படிக்கும்போதே எங்களுக்குப் பாடம். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இப்போதே நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும்.

ஹீட்டிங் பேடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பைக்கிலிருந்து விழுந்த நாளிலிருந்து 3 வருஷமாக அந்த இடுப்பு வலியோடு நின்றுகொண்டே வேலை பார்த்து, தங்கச்சி கல்யாணத்தையும் முடித்தவன் நீ. சூடு பட்டால் இறுகின தசை தளரும், ரத்த ஓட்டம் கூடும், வலி கொஞ்சம் அடங்கும். ஆனால் 15 நிமிஷம், மிஞ்சினால் 20. நடுவே ஒரு துண்டு இருக்கணும். சூட்டைக் குறைவிலேயே வை. பேடின் மேல் படுக்காதே, உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறும். பேடை மடிக்காதே. ஒயர் பிரிந்திருந்தால் தூக்கிப் போடு. தைலம் தேய்த்த இடத்தில் வைக்கவே வைக்காதே, நீ இரண்டையும் சேர்த்துச் செய்கிறவன். வைத்துக்கொண்டு தூங்காதே. 44 டிகிரி தாங்கக்கூடிய சூடுதான், ஆனால் 6 மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் அதுவே தோலை வேகவைத்துவிடும். ஓசூர்க் குளிருக்கு அது இதமாகத்தான் இருக்கும், தெரியும். தானாக அணைகிற பேடாக வாங்கு. வாங்கினாலும் வைத்துக்கொண்டு தூங்காதே.

நான் கேட்க நினைத்தது வேறு. அன்று கடைக்குப் போய்விட்டு வந்தாயே, இடது கால் செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது. நீ ஒற்றைச் செருப்போடு முற்றம்வரை வந்துவிட்டாய், உனக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்து வந்து வைத்தேன். நீயும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கால் மரத்துப்போகிறதா தம்பி? மரத்த இடத்துக்குச் சூடு தெரியாது. ஆச்சிக்கும் செருப்பு அப்படித்தான் கழன்று கழன்று கிடக்கும்.

வெந்நீர்ப் பையின் மூடி கசிந்துதான் ஆச்சி கால் வெந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மூடி கசியவில்லை. அப்பா நன்றாகத்தான் திருகித் தந்தார். சர்க்கரை உள்ளவர்கள் காலில் சூடு வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். அன்று இரண்டு டூட்டி சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "காலு குளிருதும்மா" என்று ஆச்சி சொன்னதும் துணிகூடச் சுற்றாமல் பாதத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் குதிகால் முழுக்கக் கொப்புளம். ராத்திரி முழுக்க ஆச்சி ஒரு தடவைகூட முனகவில்லை. அப்பா எழுந்து வந்து என்ன என்று கேட்டபோது, "மூடி கசிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் வீட்டிலேயே இப்படியா என்று கேட்பார்களே என்ற பயம். விரிப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவர் தொட்டுப் பார்ப்பதற்குள் அதை உருவி மடித்து வைத்தேன். அந்தப் புண் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். "இன்னும் ஒரு சுற்று திருகியிருக்கணும்" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், தம்பி. ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கால் மரத்தாலும், நடக்கும்போது பாதம் தொய்ந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. தொடை இடுக்கு மரத்தாலோ, ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதில் சிரமம் வந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ, ஷிப்ட்டைப் பார்க்காதே. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம், போனால் போதும்.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். சாய்ந்த மரத்திலிருந்து முருங்கைக்கீரை ஒரு கட்டு கொண்டுவருகிறேன். அதுவரை படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு.

இப்படிக்கு,
அம்மா