மக்ரூன் பெட்டியின் பின்பக்கம்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நம் தூத்துக்குடிக் கடையின் புதிய மக்ரூன் பெட்டியின் படத்தை அனுப்பியிருந்தாய். நீலமும் பொன்னிறமும் எடுப்பாக இருக்கின்றன. பின்பக்கத்தில் 'எங்கள் கதை' என்று நீ எழுதியிருப்பதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 'ஐந்நூறு ஆண்டுப் போர்த்துகீசிய ரகசியம், நான்கு தலைமுறைகளாக எங்கள் குடும்பத்தில்.' நான்கு என்பது எந்தக் கணக்கு? உன் தாத்தா, உன் அப்பா, நீ. உன் மகள் இப்போதுதான் எல்.கே.ஜி. போகிறாள். அவளையும் பட்டியலில் சேர்த்துவிட்டாயா?

போனில் சொன்னால் 'சரி அத்தை, சரி அத்தை' என்று கேட்டுக்கொண்டு அப்படியே சிவகாசிக்கு அச்சடிக்க அனுப்பிவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். நம் தெருவில் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். நான் ஏதாவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

முதலில் போர்த்துகீசியர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். அவர்கள் நம் கடற்கரையான முத்துக்குளித்துறையில் காலூன்றியது 1530களில். முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. நம் மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்தது என்பதால், இரண்டையும் முடிச்சுப் போட்டு அதையும் அவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் போர்த்துகல் நாட்டின் கன்னியர் மடங்களில் பிறந்த பேர்பெற்ற இனிப்புகளில் பெரும்பாலானவை மஞ்சள் கருவில் செய்தவை. வெள்ளைக்கருவைத் துணிகளுக்குக் கஞ்சி போட எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய மஞ்சள் கருவைச் சீனியோடு சேர்த்துக் கிளறினார்கள். நம் கடையில் நடப்பதோ நேர்மாறு. வெள்ளைக்கரு நமக்கு, மஞ்சள் கரு வெளியே. பாதாமையும் வெள்ளைக்கருவையும் சேர்த்த மக்ரூன் இத்தாலி, பிரான்ஸ் பக்கத்துச் சரக்கு. அங்கிருந்து அது ஆங்கிலேயரின் தேநீர் மேசைக்கும் போனது.

இன்னொன்றையும் யோசித்துப் பார். கடை வைத்து விற்கும் அளவுக்கு முந்திரிப் பருப்பு எப்போது மலிவாகக் கிடைத்தது? கொட்டையைச் சுட்டு உடைத்துப் பருப்பெடுக்கும் வேலை கொல்லத்தில் பெருந்தொழிலாக வளர்ந்தது 1920களுக்குப் பிறகு. கொல்லத்துக்கும் நம் பக்கத்துச் செங்கோட்டைக்கும் இடையே 1904-இலேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. முழுப் பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உடைந்த துண்டுப் பருப்பு நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது. பொடிக்கத்தானே போகிறோம், துண்டானால் என்ன? வெள்ளைச் சீனியின் கதையும் இதுதான். 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே நம் நாட்டில் ஆலைகள் பெருகின. அதற்கு முன் ஜாவாச் சீனி கப்பலில் வந்து இறங்கியது. நம் பக்கத்துச் சனங்களின் இனிப்பு அன்றைக்குக் கருப்பட்டி. ஆகவே, கடைவீதியில் எடைபோட்டு விற்கும் மக்ரூன் இருபதாம் நூற்றாண்டுப் பிள்ளை என்பதே என் முடிவு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உன் தாத்தாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது கொழும்பு. புறக்கோட்டையில் ஒரு பேக்கரியில் எடுபிடியாகச் சேர்ந்தார். தட்டுக் கழுவி, விறகு சுமந்து, மாவு பிசைந்து, அடுப்படி வரை போகப் பல வருடங்கள் ஆயின. 1948, 1949-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டங்கள் வந்தபோது, பிழைக்கப் போன நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. என் அப்பாவான உன் தாத்தாவும் திரும்பிவிட்டார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் அப்போது தோணிப் போக்குவரத்து மும்முரமாக இருந்தது. வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போவார்கள். சுக்கானைப் பிடித்தவருக்கு இரண்டு கரையிலும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர் சொல்லித்தான் கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் நம் தெருவில் அப்பாவுக்கு இடம் கிடைத்தது.

இடம் கிடைத்தது, அடுப்பும் கட்டியாயிற்று. எரிக்க விறகுக்குக் காசில்லை. மூன்று கடை தள்ளி இருந்த விறகுக்கடை அண்ணாச்சி, 'ரொட்டி வித்த பிறகு கொடுங்க' என்று ஒரு வண்டி உடைமர விறகை இறக்கிவிட்டுப் போனாராம். வட்டி கேட்கவில்லை, தினமும் காலையில் இரண்டு பன் மட்டும் அவர் வீட்டுக்குப் போகும். அந்தப் பன்னைக் கொண்டுபோய்க் கொடுத்தது நானும் உன் அப்பாவும். கணக்கு எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தீர்ந்த பிறகும் பன் போய்க்கொண்டுதான் இருந்தது.

விறகு என்றால் எந்த விறகும் ஆகாது. ரொட்டிக்கும் பன்னுக்கும் அடுப்பு தகிக்க வேண்டும். அதெல்லாம் சுட்டு எடுத்த பிறகு, தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் உள்தளத்தைத் துடைத்துவிட்டு, அடுப்பை ஆறவிடுவார் அப்பா. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே எறிவார். காகிதம் பழுத்துச் சுருண்டால் மூடிவைத்துவிட்டு ஒரு பீடி பிடிப்பார். மறுபடி எறிவார். வெள்ளை மாறாமல் கிடந்தால்தான் மக்ரூன் தட்டு உள்ளே போகும். இரவு முழுவதும் அந்த மிச்சச் சூட்டிலேயே அது காய வேண்டும், வேகக் கூடாது. விடியற்காலையில் எடுத்தால் தந்தநிறம், தட்டினால் சத்தம். நீ இப்போது மின்சார அடுப்பில் வெப்ப அளவைத் திருகி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறாய். அதுவும் நன்றாகத்தான் வருகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் ஈர விறகு புகைந்தால் ஒரு தட்டு முழுவதும் புகைநாற்றம் ஏறிவிடும் என்பதால், ஐப்பசி மழைக்கு முன்பே நமக்கென்று காய்ந்த கட்டைகளைத் தனியாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு வைப்பார் அண்ணாச்சி. கிறிஸ்துமஸ் வருவதே அடைமழைக் காலத்தில்தானே! அந்த அடுக்கு இல்லாமல் நமக்கு டிசம்பர் வியாபாரமே இல்லை.

மஞ்சள் கரு எங்கே போயிற்று என்று ஒரு வாடிக்கையாளராவது உன்னிடம் கேட்டிருப்பார். அந்தக் காலத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஓலைப்பெட்டியில் உமி பரப்பி நாட்டுக்கோழி முட்டை கொண்டுவருவார்கள். நாமக்கல் முட்டை லாரியில் வரத் தொடங்கியது பின்னால். பிற்பகலில் அம்மாவும் சித்தியும் உட்கார்ந்து முட்டையை உடைப்பார்கள். ஓட்டின் இரண்டு பாதிகளுக்கும் மாற்றி மாற்றி ஊற்றினால் வெள்ளை வழிந்து பித்தளை அண்டாவில் விழும். மஞ்சள் ஓட்டிலேயே நிற்கும். ஒரு சொட்டு மஞ்சள் கலந்துவிட்டாலும் வெள்ளை நுரைக்காது. அதனால் அந்த நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் போனால் அடிதான். பிரித்த மஞ்சள் கரு அலுமினியத் தூக்குவாளியில் சேரும். வாளி நிறைந்ததும் நான் எதிர்ச்சாரியில் இருந்த பரோட்டாக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அந்தக் கடைக்கு ஊரில் 'நைட் கிளப்' என்று பேர். சென்னையில் கல்லூரித் தோழிகளிடம் 'எங்கள் தெரு நைட் கிளப்பில் தினமும் சாப்பிடுவோம்' என்று சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை.

அந்தக் கடை மாஸ்டர் மஞ்சள் கருவைப் பரோட்டா மாவில் ஊற்றிப் பிசைவார். அவர் பரோட்டாவுக்கு இருந்த நிறமும் மொறுமொறுப்பும் பக்கத்துத் தெருக்களில் கிடையாது. கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை வந்தது, பால் கடை ராத்திரி பத்து மணி வரை திறந்திருந்தது. வாளிக்குப் பணம் கிடையாது. இரவில் நம் கடையில் வேலை செய்யும் ஆட்களுக்குப் பரோட்டாவும் சால்னாவும் அங்கிருந்து வரும். மாதக் கடைசியில் அப்பாவும் அவரும் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லி உட்காருவார்கள். பேச்சு எங்கெங்கோ போய்விடும், நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. நம் மக்ரூன் அந்த விலைக்கு விற்க முடிந்ததே பாதி முட்டையை அவர் எடுத்துக்கொண்டதால்தான். இது உன் பெட்டியில் எங்கே இருக்கிறது?

தகரக் கடைக்காரரையும் மறந்துவிட்டாய். கடற்காற்று பட்டால் மக்ரூன் ஒரு மணி நேரத்தில் நமத்துவிடும். பிளாஸ்டிக் உறை வராத காலத்தில், மூடி இறுகப் பொருந்தும் டப்பாக்களை அவர்தான் தட்டித் தந்தார். தட்டுகளும் அவர் கைவேலை. வாடகை சைக்கிள் கடைக்காரர் பனிமய மாதா கோயில் திருவிழாவின்போது இரண்டு சைக்கிள்களை நமக்கென்று ஒதுக்கி வைப்பார். ஆகஸ்டு 5-ஆம் தேதி நெருங்க நெருங்கக் கடற்கரைக் கிராமங்களின் சனமெல்லாம் ஊருக்குள் இருக்கும். ஊர் திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் மக்ரூன் இல்லாமல் போக மாட்டார்கள்.

உப்பளத் தொழிலாளிகள் வாங்கியது மக்ரூன் அல்ல, ரஸ்க்கும் பன்னும். மழை விழுந்தால் உப்பு வாருவது நின்றுவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கூலி கிடையாது. அந்த மாதங்களில் நம் கடையில் ஒரு சிவப்பு அட்டை நோட்டு இருக்கும். தை பிறந்து பாத்தி கட்டியதும் வந்து தீர்ப்பார்கள். தீர்க்காமல் போனவர்களும் உண்டு. அப்பா அந்தப் பக்கங்களைக் கிழிக்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார்.

1974-இல் தூத்துக்குடி பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்ந்தது. அடுத்தடுத்து ஸ்பிக் உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் எல்லாம் வந்தன. வெளியூர் அதிகாரிகளும் பொறியாளர்களும் குடிவந்தார்கள். மாற்றலாகிப் போனவர்கள் சொந்தக்காரர்களுக்கு மக்ரூன் வாங்கிப் போனார்கள். நம் சரக்கு தூத்துக்குடியின் அடையாளமாக ஆனதற்கு அவர்களே காரணம் என்று நினைக்கிறேன். இன்றும் சென்னைக்குப் போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் புறப்படுவதற்கு முந்தைய ஒரு மணி நேர வியாபாரத்தைப் பார்த்தாலே தெரியும்.

இனி 'ரகசியம்'. நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. நம் கடையின் முதல் மாஸ்டர் சம்பளத் தகராறில் விலகி அடுத்த தெருவில் சொந்தமாகக் கடை போட்டார். அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான்கு பழைய தட்டுகளைக் கொடுத்தனுப்பினார். இந்த ஊரில் தொழில் பரவியது பெரும்பாலும் இப்படித்தான். யாரோ ஒருவரிடம் வேலை பார்த்தவர்தான் அடுத்த கடையின் முதலாளி. 'அசல்', 'ஒரிஜினல்' என்று பலகை மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

2023 டிசம்பர் உனக்கு மறந்திருக்காது. 17, 18 தேதிகளில் பெய்த அந்த மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நம் கடைக்குள் முழங்கால் தண்ணீர். மூட்டை மூட்டையாகச் சீனி கரைந்து போயிற்று. மின்சாரம் இல்லை. பழைய செங்கல் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்றால், ஊறிய அடுப்பில் உடனே நெருப்பு வைத்தால் வெடித்துவிடும். அப்போது யார் அடுப்பில் சுட்டாய்? அந்த முதல் மாஸ்டரின் பேரன் அடுப்பில்தானே? கொஞ்சம் மேடான இடம் என்பதால் அவர்கள் கடை தப்பித்தது. 'ராத்திரி எங்களுக்கு, பகல் உங்களுக்கு' என்று அவன் சொன்னதை நீயே எனக்குப் போனில் சொன்னாய், குரல் தழுதழுக்க. போட்டிக் கடைக்காரன் அடுப்பில் நின்று சுட்டவன் பெட்டியில் ரகசியம் என்று எழுதலாமா?

தெருவில் இன்று தகரக் கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம்., சைக்கிள் கடையில் செல்போன் பழுது பார்க்கிறார்கள், விறகுக்கடை பிளைவுட் கடையாகிவிட்டது. பரோட்டாக் கடை மட்டும் பேர் மாறி, குளிர்சாதனத்தோடு இருக்கிறது. மஞ்சள் கருவை இப்போது யாரோ ஒப்பந்தக்காரர் வேனில் வந்து எடுத்துப் போவதாக உன் அப்பா சொன்னான். விலை கட்டுப்படியானால் சரி.

பெட்டிக்கு என் யோசனை இது. 'கொழும்பில் தொழில் கற்ற ஒருவர் 1950களில் தூத்துக்குடியில் தொடங்கிய கடை. மூன்றாம் தலைமுறை.' அவ்வளவு போதும். அதற்குக் கீழே விறகுக்கடை, பரோட்டாக் கடை, தகரக் கடை, சைக்கிள் கடை என்று வரிசையாகப் போட்டு, அவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுப் பேர்களையும் சேர். பிளைவுட் கடைத் தம்பியிடம் அவர் தாத்தா தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் படம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். நேரில் போய்க் கேள், வாட்ஸ்அப்பில் கேட்காதே. முதல் மாஸ்டரின் பேரனுக்கு அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதியைக் காட்டு.

மாதா திருவிழாவுக்கு வருகிறேன். மக்ரூனில் சீனியைக் குறைத்துவிட்டாய் என்று அண்ணி சொன்னார். அந்தச் சண்டையை அப்போது நேரில் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் அத்தை